தளிர்ப் பருவத்துக் கன்று

டப்பாவின் மூடியைத் திருகினால் முதலில் ஒன்றும் தெரியாது. மேலே அடைத்திருக்கும் பஞ்சை எடுத்த பிறகுதான் அந்த வாசனை வரும். வெயிலில் காய்ந்த எலும்புத்தூளும் பால்பவுடரும் கலந்த மாதிரி. மாட்டுத் தீவனக் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, அதில் கால்வாசி. என் மேசை இழுப்பறையில் பாதி காலியாகக் கிடக்கிறது அந்த டப்பா. ஸ்டேப்ளர் பின்னைத் துழாவும்போது கை பட்டு மூடி கழன்றுகொள்ளும். அவ்வளவுதான், சூரியநெல்லி வந்துவிடும். பனி, தகரக் கூரை, அக்காவின் வீங்கிய விரல்கள், முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு கன்றுக்குட்டி. தூக்கி எறிய வேண்டிய டப்பாதான். எறியவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோபாலபுரத்தில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பிறந்தது சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு, அதில் ஐந்தாவது எங்களுடையது. இருபத்துநான்கு வயதில் மலையை விட்டு இறங்கி, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துக்கு வந்து நின்றுவிட்டேன். நின்றுவிட்டேன் என்று வாய்தான் சொல்கிறது. கடையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. எழுந்து ரோட்டுக்கு வருவேன், தேங்காய் லாரி போவதைப் பார்ப்பேன், கணவாய்க் காற்று சட்டையை உப்பவைக்கும், திரும்பப் போய் உட்காருவேன்.

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிற மலையாள விண்ணப்பம் எல்லாம் என்னிடம் வரும். தமிழிலிருந்து மலையாளம், மலையாளத்திலிருந்து தமிழ், இங்கிலீஷிலிருந்து இரண்டுக்கும். இடையில் எனக்காகவும் எழுதுவேன். வரி உடைக்காத கவிதை. சிறு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அதைக் கவிதை இல்லை என்று கொஞ்சம் பேரும் கட்டுரை இல்லை என்று கொஞ்சம் பேரும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மட்டும் எல்லாவற்றையும் படிப்பாள். படித்துவிட்டு, "இதுல நம்ம லயத்துக் குழாயடி வருது, ஆனா தண்ணி வரல" என்பது மாதிரி ஏதாவது சொல்லுவாள்.

அந்த ஆடி மாதம் தென்னைக்கு நுண்ணூட்டம் விற்கிற ஒருவர் கடைக்கு வந்தார். தோப்பு தோப்பாகப் போகிற மனிதர், பொள்ளாச்சிப் பக்கம் ஊர். எனக்குப் பல வருடப் பழக்கம். "மரத்துக்குக் குடுத்தாச்சுங்க, இனி மனுசனுக்குக் குடுக்கலாம்னு" என்று சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளை மேசையில் வைத்தார். பெப்டைடு பயோரெகுலேட்டர் என்று போட்டிருந்தது. எங்கேயோ வெளிநாட்டில் செய்து, இங்கே யாரோ டப்பாவில் அடைத்து, இவர் கைக்கு வந்த சரக்கு. அதற்குத் தமிழில் ஒரு மடிப்புத் தாள் வேண்டும்.

நான் படித்துப் பார்த்தேன். நம் உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் சின்னச் சின்னப் புரதத் துணுக்குகளால் தனக்குள் பேசிக்கொள்கிறதாம். இரண்டு மூன்று மணி கோத்த மாதிரி அவ்வளவு குட்டையான சங்கிலி. வயதாக ஆக அந்தப் பேச்சு குறைந்துபோகிறதாம். இளம் விலங்கின் அதே உறுப்பிலிருந்து அந்தத் துணுக்குகளை எடுத்துக் காப்சூலில் அடைத்து விழுங்கினால், அது நேராகப் போய் நம்முடைய உறுப்புக்கு வேலையை ஞாபகப்படுத்துமாம். இந்த டப்பா எதிர்ப்பு சக்திக்கு. அதற்கான உறுப்பின் பெயர் தைமஸ். கன்றுக்குட்டியிடமிருந்து எடுத்தது.

இதெல்லாம் நிஜமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் அந்தத் தாள்தான் தெரியும். மணி கோத்த சங்கிலி, உறுப்புக்கு மறதி, ஞாபகம் என்று அதில் இருந்த எல்லாமே எனக்குப் பிடித்துப்போனது. ஒரு கவிதை கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். வழக்கத்துக்கு மாறாக ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. "உடம்பின் மறதிக்கு ஒரு சிறு நினைவூட்டல்" என்று தலைப்பு வைத்தேன். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பி என்று எழுதிப் பார்த்தேன். கறிக்கடைப் பலகை மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, "தளிர்ப் பருவத்துக் கன்றிலிருந்து எடுத்த தைமஸ் சாரம்" என்று எழுதினேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

கீழே ஒரு எச்சரிக்கை இருந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குகிற வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது என்று. அதையும் விடவில்லை, ஒழுங்காகத்தான் எழுதினேன். "தன்னெதிர்ப்பு நோயாளிகள் மருத்துவ ஆலோசனை பெறுக." ஐந்தே வார்த்தையில் முடிந்தது என்று அன்றைக்கு ஒரு சந்தோஷம்.

வியாபாரி படித்துப் பார்த்து, "ஏனுங்க, மருந்துச் சீட்டு மாதிரியே இல்லீங்களே, படிக்கப் படிக்க சுகமா இருக்குதுங்க" என்றார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் அக்கா போன் செய்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். கடைசி ஏழெட்டு வருடம் எஸ்டேட் நர்சரியில் வேலை. மண் நிரப்பிய பிளாஸ்டிக் கவரில் தேயிலைத் துண்டை நட்டு வேர் பிடிக்க வைக்கிற வேலை. அந்த வேலையில் இருக்கும்போதுதான் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. ஆமவாதம் என்றார்கள். மலையாளத்து டாக்டர்களும் லயத்து ஜனங்களும் ஒரே மாதிரி சொல்கிற வார்த்தை அது. அடிமாலியில் ஒரு மூட்டு டாக்டரிடம் காட்டி, வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு மஞ்சள் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் போட்ட அன்றைக்கும் மறுநாளும் குமட்டும். ஆனால் அதற்குப் பிறகு பால் கறக்க முடிந்தது. வேலையை விட்டபின் இரண்டு மாடு வைத்து, சின்னக்கானல் பக்கம் இருக்கிற ஹோம்ஸ்டேக்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

போனில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பக்கத்து லயத்தில் ஒருத்தி வாட்ஸ்அப்பில் பொருள் விற்கிறாள், அவளிடம் ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன் என்றாள். டப்பாவோடு ஒரு தாள் கொடுத்தாளாம். பெயர் போடாவிட்டாலும் முதல் வரியிலேயே ஆள் பிடிபட்டுவிட்டதாம். "உடம்பின் மறதியாம். மருந்துக்கு எவன்டா இப்பிடி எழுதுவான்? நீதான்னு தெரிஞ்சு போச்சு. தெரியாத மருந்துன்னா யோசிச்சிருப்பேன். தம்பி எழுதினது, பிறகென்ன."

நான் ரோட்டுக்கு வந்து நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் தொடர்ந்து பேசினாள். மூணு வாரமாகச் சாப்பிடுகிறாளாம். நர்சரிக் கன்னு மாதிரி ஏதோ இளஞ்செடியிலிருந்து எடுக்கிறார்களாமே, தைமஸ் செடி எங்கே வளருகிறது, மூணாறில் கிடைக்குமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைச் சொன்னாள். மஞ்சள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்று டாக்டரே முன்பு சொல்லியிருந்தாராம், அதனால்தான் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வருகிறது என்று இவள் நினைத்திருக்கிறாள். இது கூட்டுகிற மாத்திரை. ஒன்று இறக்குகிறது, ஒன்று ஏற்றுகிறது, இரண்டையும் எதற்குப் போட வேண்டும்?

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழைக்குக் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தன்னால் சரியாகிவிடும் என்றாள். பால்? மச்சான்தான் கறக்கிறார் என்றாள்.

மறுநாள் கிளம்பிவிட்டேன். கோபாலபுரத்திலிருந்து சூரியநெல்லிக்குப் போக வேண்டுமானால் கேரளத்தை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் போய், பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு வழியாக மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். மறையூரில் டீ குடித்தேன். வழியெல்லாம் ஒரு வார்த்தையைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தில் கன்னு என்றால் செடி. தேயிலைக் கன்னு, வாழைக்கன்னு, மலையாளக்காரர்களும் சொல்கிற வாழைக்கன்னு. மாடு போட்டால் அது கன்னுக்குட்டி. குட்டி என்று ஒட்டாமல் யாரும் சொல்வதில்லை. கொழுந்து மலையில் வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாததா? அந்தக் குட்டியைத்தான் நான் அடித்திருந்தேன். அடித்த இடத்தில் தளிரை நட்டிருந்தேன். முப்பத்தெட்டு வருடம் தேயிலையில் நின்றவள் தளிர் என்று படித்தால் வேறு என்ன நினைப்பாள்?

போய்ச் சேரும்போது சாயங்காலம். மச்சான் ஃபேக்டரி வேலை முடிந்து வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்க டாக்டரே" என்றார். அக்கா டீ கொண்டுவந்தாள். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். விரல்மூட்டுகள் பளபளவென்று இருந்தன, தோலுக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற மாதிரி. வலது கை நடுவிரல் மடங்கவே இல்லை.

மாத்திரையைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். உன்னுடைய வியாதியே எதிர்ப்பு சக்தி கூடிப்போனதால் வந்தது, எஸ்டேட் வாட்சர் திருடனை விட்டுவிட்டு லயத்து ஜனங்களை அடிக்கிற மாதிரி, மஞ்சள் மாத்திரை அந்த வாட்சரை அடக்கி வைக்கிறது, நீ அதை நிறுத்திவிட்டு அவன் கையில் தடியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தாள்ல அப்பிடிப் போடலையே."

போட்டிருக்கிறது, கடைசி வரி என்றேன். அவள் எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து வந்தாள். நாலாக மடித்து வைத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தன்னெதிர்ப்பு நோயாளிகள். இதுவா? இத நானும் படிச்சேன். அது யாருக்கோ வர்ற பெரிய வியாதின்னு நெனச்சேன். எனக்கு இருக்கது ஆமவாதம்ல."

மச்சான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அது உனக்குத்தான் போட்டிருக்கான்னு தெரிஞ்சா நாங்க ஏன் குழம்புறோம்" என்றார். கிண்டல்தான், ஆனால் சிரிக்கவில்லை.

இது நான் சொன்ன விஷயம் இல்லை, அவர்கள் சொன்னதை நான் தமிழில் போட்டுக் கொடுத்தேன், இந்த மருந்து வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது, செய்யாது என்றும் தெரியாது என்றேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்ப நீ எழுதுறதுல எதுடா உன் பேச்சு? எப்பிடிக் கண்டுபிடிக்கது?"

எழுந்து வாசலுக்குப் போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தபோது அவள் பேச்சை மாற்றியிருந்தாள். தாளை மறுபடி மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டாள். டப்பாவும் அங்கேதான் இருந்தது. பாதி மீதி இருக்கிறது, முடிப்பேன், முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். அவள் குரலில் ஒரு தீர்மானம் இருந்தது. மருந்தின் மேல் அல்ல அந்த நம்பிக்கை. என் மேல் வைத்தது. அதை உடனே எடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரே வார்த்தை சொன்னால் அந்த டப்பா அந்த நிமிஷமே வெளியே போய்விடும் என்று எனக்குத் தெரியும். லயத்தில் பாதிப் பேர் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள்தான், மச்சானும் கடையில் சாப்பிடுவார். அக்கா தொடுவதில்லை. மாடு வாங்கிய நாளிலிருந்து தொடுவதில்லை. கேட்டால் காரணம் எதுவும் சொல்ல மாட்டாள், தன்னிடம் பால் குடுக்கிற ஜீவன் என்று கூடச் சொல்ல மாட்டாள். தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள், அவ்வளவுதான். அவளிடம் போய், மூன்று வாரமாக நீ காலையும் சாயங்காலமும் விழுங்கியது கன்னுக்குட்டி என்று எப்படிச் சொல்வது? வேறு வழியில் நிறுத்த முடியாதா என்று பார்த்தேன். நாளைக்கு அடிமாலிக்குப் போவோம், டாக்டர் சொல்லட்டும் என்றேன். பால் ஊற்றிவிட்டு வருகிறேன், பிறகு யோசிக்கலாம் என்றாள். எங்கள் வீட்டில் பிறகு யோசிக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

விடிந்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். லயத்துக்குப் பின்னால் நாலு கம்பும் தகரமுமாக ஒரு கொட்டகை. மச்சான் கறந்துகொண்டிருந்தார்; பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் சீராக இல்லை, விட்டு விட்டு வந்தது. அக்கா பக்கத்தில் நின்று, மேலே பிடி, மெதுவா இழு, அது என்ன ஹேண்ட் பிரேக்கா என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்து, "முப்பது வருஷமா மிஷினு ஓட்டுனவன்" என்றார். மூலையில் ஒரு மாதக் கன்றுக்குட்டி படுத்திருந்தது. செவலை. எலும்பு தெரிந்தது. பின்பக்கம் எல்லாம் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது.

ரெண்டு வாரமாக இப்படித்தான் இருக்கிறது, மிருக ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுத்தும் முழுசாக நிற்கவில்லை என்றாள். பிறகு, சாதாரணமாக, கொட்டகை கூட்டுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "அதான் இதுக்கும் உன் காப்சூல் ரெண்டப் பிரிச்சு கஞ்சித்தண்ணில கலந்து வெச்சேன். எதிர்ப்பு சக்திக்கு. மூஞ்சிய உள்ள விட்டுச்சு, மோந்துச்சு, அப்பிடியே திருப்பிக்கிச்சு. பசியோட கெடந்துச்சே தவிர தொடல. இன்னைக்கு வெல்லம் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன்."

அவள் முந்தானை முடிச்சில் இரண்டு காப்சூல் இருந்தது. அவிழ்க்க முயன்றாள். விரல் மடங்கவில்லை. என்னிடம் முந்தானையை நீட்டி, அவிழ்த்துக் கொடு என்றாள்.

நான் அவிழ்க்கவில்லை.

"அக்கா, அது செடி இல்ல. கன்னுக்குட்டி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கன்னுக்குட்டிக்குத்தானே கொடுக்கிறேன் என்றாள். நான் மறுபடி சொன்னேன். தைமஸ் என்று செடி கிடையாது. உடம்புக்குள்ளே இருக்கிற ஒரு சுரப்பி. கன்று என்று நான் எழுதியது கன்னுக்குட்டியை. அதிலிருந்து எடுத்ததுதான் அந்தத் தூள்.

பால் விழுகிற சத்தம் நின்றது. மச்சான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். வாந்தி எடுப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் மெதுவாகக் குந்தினாள். முட்டியும் வலித்திருக்க வேண்டும். எந்த இடத்தில் இருக்கிறது அது என்று கேட்டாள். கழுத்திலும் நெஞ்சுக்கு மேலும் என்றேன். எல்லாருக்கும் இருக்குமா? இருக்கும், நமக்கும் இருக்கும், பிள்ளையாக இருக்கும்போது பெரிதாக இருந்து வளர வளரச் சுருங்கிவிடும், அதனால்தான் குட்டியிடமிருந்து எடுக்கிறார்கள் என்றேன். அவள் மடங்காத விரல்களைக் கன்றுக்குட்டியின் கழுத்துக்குக் கீழே, தொங்குகிற அந்த மெத்துத் தோலுக்குள் வைத்தாள். அது தலையைத் தூக்கிக் கொடுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "எனக்குத்தான் தெரியல. நான் தாளப் படிச்சேன்."

வெளியே வந்து குழாயடியில் வாய் கொப்பளித்தாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான் பக்கத்தில் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, கன்னுக்குட்டி என்று எழுதுவதற்கு உனக்கு என்ன வந்தது என்பது. குட்டி என்று சேர்த்தால் தாளில் இடம் போதாதா? இடம் இருந்தது என்றேன். வியாபாரி வேண்டாம் என்றானா? அவர் எதுவும் சொல்லவில்லை, நான்தான் எடுத்தேன், கேட்க நன்றாக இருக்கட்டும் என்று.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "நான் ரெண்டு தடவ வாசிச்சேனே."

அடிமாலிக்குக் கிளம்பினாள். நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் மலையாளி, தமிழும் பேசுவார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மஞ்சள் மாத்திரையை நிறுத்தி எத்தனை வாரம் என்று கேட்டார். சொன்னாள். திட்டவில்லை. டப்பாவைக் காட்டச் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று டப்பா சொல்கிறதே தவிர, உண்மையில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார். இந்த மாதிரிப் பெப்டைடுகளைப் பற்றிப் பேச்சு நிறைய இருக்கிறது, இவளைப் போன்ற ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று தான் நம்புகிற அளவுக்கு எதையும் தான் பார்க்கவில்லை என்றார். வாயில் போட்டது வயிற்றில் செரித்துப் போயிருக்கவும் கூடும், அப்படியானால் கெடுத்தது இந்தக் காப்சூல் இல்லை, நிறுத்தின மாத்திரைதான் என்றார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மஞ்சள் மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் தானாக நிறுத்தாமல் போன் செய்ய வேண்டும். நடுவிரல் மூட்டு பழையபடி மடங்குமா என்று அவள் கேட்டாள். பார்க்கலாம், இப்போதே வந்தது நல்லது என்றார். மடங்கும் என்று சொல்லவில்லை.

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். கன்று என்று நான் சொல்லும்போதே தலையாட்டினார். கன்னுகாலி என்று மாடுகளைச் சொல்கிற பாஷை அவருடையது. அவருக்குச் செடி ஞாபகத்துக்கே வரவில்லை. தன்னெதிர்ப்பு என்றதும்தான், அது என்ன என்று கேட்டார். ஆமவாதம் போல என்றேன். "எந்நா அதங்கு எழுதியா போரே?" என்றார். அதை அப்படியே எழுதினால் போதாதா என்று. அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்ததைப் பார்த்தேன். வந்ததிலிருந்து அப்போதுதான்.

அங்கேயே வராந்தாவில் நின்று வியாபாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது, தோப்பில் நின்றிருப்பார். "அக்காங்களா? உங்க சொந்த அக்காங்களா?" என்று கேட்டார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, கன்னுக்குட்டி என்று போட்டால் இந்தப் பக்கம் ஆருங்க தொடுவாங்க என்றார். தொடாதவர்கள் தொடாமல் இருக்கட்டும் என்றேன். யோசித்துவிட்டு, மீதித் தாளை அனுப்பிவிடுகிறேன், நீங்களே மாற்றிக் குடுங்க என்றார். எப்போதும் போல அழகாகப் போட்டுக் குடுங்க என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். வர வேண்டாம் என்றதற்கு, நடந்தால் முட்டிக்கு நல்லது என்றாள். கன்றுக்குட்டிக்கு மிருக ஆஸ்பத்திரி மருந்தையே தொடர்ந்து கொடுப்பதாகவும், ராத்திரி கொஞ்சம் பால் குடித்ததாகவும் சொன்னாள். டப்பாவை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் பையில் வைத்தாள். குப்பையில் போட்டால் கோழி கொத்தும், மண்ணில் புதைத்தால் நாய் தோண்டும், நீயே கொண்டுபோ, நீ எழுதினது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள்.

பனியில் டீச்செடிகள் தெரியவில்லை, நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. மன்னிப்பு மாதிரி ஒன்றை வழியெல்லாம் வாக்கியமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். "அக்கா, நான் எழுதின ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த விரல் அப்போதும் மடங்கியிருக்கவில்லை.

நாளை மறுநாள்தான் செவ்வாய். அதை நினைத்தால் இப்போதே குமட்டுகிறது என்றாள். போடுவாயா என்று கேட்டேன். பஸ் வளைவில் திரும்புகிற ஹாரன் கேட்டது. என் சட்டைக் காலரைப் புறங்கையால் சரிசெய்தாள். நான் படியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கீழே நின்று சொன்னாள்:

"செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை போன் பண்ணு. போட்டியான்னு கேளு, போட்டேன்னு சொல்லுதேன். வேற ஒண்ணும் அழகா சொல்ல வேண்டாம்."